ஓர் இரவுச் செலவும் நாலு வருசப் படிப்பும்

காரைதீவிலோ கல்முனையிலோ களுவாஞ்சிகுடியிலோ ஒரு பிள்ளை பரதம் நன்றாக ஆடுகிறாள் என்று தெரிந்துவிட்டால் சனம் கேட்கிற முதற் கேள்வி, "எப்ப அரங்கேற்றம்?" என்பதுதான். அந்தப் பிள்ளை இதையே படிப்பாக எடுக்கப் போகிறாளா, எங்கே படிப்பாள், எங்கே தங்குவாள், முழங்கால் நொந்தால் யாரிடம் காட்டுவாள், படித்து முடித்த பிறகு எதை நம்பி வாழ்வாள் என்று எவரும் கேட்பதில்லை. இது கனகாலமாக என் மனதில் கிடந்து அரிக்கிறது. என் மூத்த மகள் இப்போது மட்டக்களப்புக் கல்லடியில் நடனம் படிக்கிறாள். அவளை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை நானும் அவளுடைய அப்பாவும் பட்ட அலைச்சலில் பாதி, யாராவது ஒருவர் எங்களை உட்கார வைத்து வழியைச் சொல்லியிருந்தால் இல்லாமல் போயிருக்கும். மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ பிள்ளையைப் படிப்பிக்கிற தாய்க்கு எந்த ரியூசன், எந்த சேர், எந்தப் புத்தகம் என்று சொல்ல ஊரில் நூறு பேர் நிற்கிறார்கள். நடனம் படிக்கிற பிள்ளையின் தாய்க்கு வாழ்த்துச் சொல்ல ஆள் உண்டு, வழி சொல்ல ஆள் இல்லை.

இத்தனைக்கும் நாங்கள் இருப்பது விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவில். 1892இல் இங்கே பிறந்தவர், பழந்தமிழரின் இசையை நீண்ட காலம் ஆராய்ந்து யாழ் நூலை எழுதினார். அது திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது 1947இல். அதே ஆண்டில் அவர் மறைந்தும் போனார். ஒரு வாழ்நாள் உழைப்பு முற்றிய பிறகு வந்த அரங்கேற்றம் அது. எங்கள் பிள்ளைகளுக்கோ பதினைந்து பதினாறு வயதில், கால் இன்னும் நிலைப்படாத காலத்தில், அரங்கேற்றம் வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு சலங்கை அலுமாரிக்குள் போய்விடுகிறது. எத்தனை வீட்டில் இதைப் பார்த்திருக்கிறேன்! வரவேற்பறைச் சுவரில் பெரிய படம், அலுமாரியில் காஞ்சிபுரப் பட்டில் தைத்த உடுப்பு, பிள்ளை வங்கியில் வேலை. வங்கி வேலை குறைந்ததென்று சொல்லவில்லை. ஆனால் ஆட வேண்டும் என்று உயிரை விட்ட பிள்ளைக்கு அந்த வழியைத் திறந்துவிட நம்மிடம் காசு இருந்தது, அதை வேறிடத்தில் செலவழித்தோம் என்பதுதான் என் மனக்குறை.

ஏறிவந்த படிகள்

மகள் சின்ன வயதில் தொடங்கினாள். ஆறாம் வகுப்பில் அழகியற் பாடம் தெரிவு செய்யும்போது நடனத்தை எடுத்தாள், ஓ.எல்லுக்கும் அதையே கொண்டு போனாள். வெளியே வகுப்பில் வட இலங்கை சங்கீத சபையின் பரீட்சைகளையும் ஒவ்வொரு தரமாக எழுதிக்கொண்டு வந்தாள். ஆசிரியர் தரம் வரை போய்க் கலாவித்தகர் பட்டம் எடுப்பதென்றால் செயன்முறையும் எழுத்தும் இரண்டும் வேண்டும். பல பெற்றோர் இந்தத் தரங்களைச் சான்றிதழ் சேர்ப்பதாகவே நினைக்கிறார்கள். உண்மையில் ஒரு பிள்ளைக்கு இந்தக் கலையில் எவ்வளவு பிடிப்பு என்று வீட்டார் அறிந்துகொள்ள இது நல்ல இடம். அபிநயத்தின் இலக்கணத்தையும் தாள அங்கங்களையும் இருந்து படிக்கப் பொறுமையுள்ள பிள்ளையா, இல்லை மேடை வெளிச்சம் மட்டும் பிடித்த பிள்ளையா என்பது அந்த எழுத்துப் பரீட்சை வரும் மாதங்களில் தெரிந்துவிடும். என் மகள் அந்தக் குறிப்புகளை வாய்விட்டுப் படித்தபடி முற்றத்தில் நடந்து திரிந்ததைப் பார்த்தபோதுதான் இவள் விளையாட்டாக ஆடவில்லை என்று எனக்கு விளங்கியது.

ஏ.எல்லில்தான் சிக்கல் தொடங்கும். கலைப் பிரிவில் பரதநாட்டியத்தை ஒரு பாடமாக எடுக்கலாம், ஆனால் எல்லாப் பாடசாலையிலும் உயர்தரத்துக்கு நடனம் படிப்பிக்க ஆசிரியர் இருப்பதில்லை. ஆசிரியர் இருக்கிற பாடசாலையைத் தேடிப் பிள்ளையை மாற்ற வேண்டும். மாற்றினால் பஸ். அடுத்தது, பல்கலைக்கழகத்தில் நடனம் படிக்க ஏ.எல் பெறுபேற்றுக்கான இசட் புள்ளி மட்டும் போதாது. தனியாக ஒரு செயன்முறைத் தேர்வும் வைக்கிறார்கள். அதற்கான அறிவித்தல் வரும்போது பார்த்துத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டால் அந்த வருசம் போய்விடும். அப்படித் தவறவிட்ட பிள்ளைகள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். பத்திரிகையின் உள்பக்கத்தில் வந்த ஓர் அறிவித்தலை வீட்டில் ஒருவரும் காணவில்லை, அவ்வளவுதான்.

அந்த மாலை

ஏ.எல் படிக்கத் தொடங்கிய காலத்தில் டீச்சர் எங்களைக் கூப்பிட்டு, மகள் அரங்கேற்றத்துக்குத் தயார் என்று சொன்னார். நாங்கள் பூரித்துப் போனோம். டீச்சர் பொய் சொல்லவில்லை. முதலில் ஆடுகிற அலாரிப்பிலிருந்து கடைசியில் ஆடுகிற தில்லானா வரை முழு மார்க்கத்தையும் அவள் ஆடுவாள், அதில் மிக நீளமான வர்ணத்தில் அரை மணித்தியாலத்துக்கு மேல் நின்றுபிடிப்பாள். வீட்டுக்கு வந்து மகளின் அப்பா ஒரு கொப்பியை எடுத்துக் கணக்குப் போடத் தொடங்கினார். மண்டபம், ஒலி ஒளி, மேடை அலங்காரம், பாட்டு, மிருதங்கம், வயலின், புல்லாங்குழல், அவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ வந்தால் பயணமும் தங்குமிடமும். இடைவேளைக்கு முன்னும் பின்னும் மாற்ற உடுப்புகள், நகை செற், ஒப்பனை. குருவுக்குத் தட்சணை, பட்டு. அழைப்பிதழ், மலர், வீடியோ. பிரதம விருந்தினருக்குப் பொன்னாடை. வருகிறவர்களுக்குச் சாப்பாடு. கூட்டிப் பார்க்க இலட்சங்களில் போய் நின்றது. என் காப்பை அடகு வைக்கலாம், இரண்டு சீட்டு இருக்கிறது, மிச்சத்துக்கு லண்டனில் இருக்கிற தம்பியிடம் கேட்கலாம் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

மகள் கதவு நிலையில் சாய்ந்து கேட்டுக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டாள்: "அம்மா, இந்தக் காசெல்லாம் எனக்கென்றுதானே தேடுறீங்க? அப்ப அதை ஒரு இராவில முடிக்காம, நான் படிக்கப் போற நாலு வருசத்துக்கும் பிரிச்சுத் தாங்களேன்."

அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. "ஊர்ல என்ன மனே கதைப்பாங்க? காசில்லாம விட்டுட்டாங்க எண்டுதான் சொல்லுவாங்க," என்றார். அவள் அதற்கும் கோபப்படவில்லை. "மேடை ஏறாம அந்தப் படிப்பை முடிக்க ஏலாது அப்பா. நான் ஆடத்தான் போறன். மறுகா ஆடுறன், இன்னும் நல்லா ஆடுறன்," என்றாள். அன்றிரவு எங்கள் வீட்டில் ஒருவரும் சரியாகப் பேசவில்லை. பிள்ளை சொன்னதில் ஒரு பிழையும் எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் இத்தனை வருசம் நான் மனதுக்குள் ஆசைப்பட்டு வைத்திருந்த அந்த இரவை விட்டுக்கொடுக்க நெஞ்சு ஒத்துக்கொள்ளவும் இல்லை. எனக்குத் தாய்வீட்டில் ஆட விடவில்லை. அதனால் அந்த மேடை அவளுக்கு மட்டுமில்லை, எனக்கும் வேண்டியிருந்தது.

அவர்தான் முதலில் இறங்கி வந்தார். சில நாள் கழித்து அதே கொப்பியில் பக்கத்தைப் புரட்டி, நாலு வருசத்துக்கு என்ன செலவாகும் என்று எழுதத் தொடங்கினார். விடுதி, சாப்பாடு, பயிற்சிச் சேலை, சலங்கை, புத்தகம், பஸ், ஆண்டுக்கு ஒரு நல்ல உடுப்பு, கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ பயிற்சிப் பட்டறை நடந்தால் போய்வரக் கொஞ்சம். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை என்பதால், ஓர் இரவுக்குப் போட்ட கணக்கிலேயே நாலு வருசமும் ஓரளவு அடங்கிவிட்டது. அந்த இரண்டு பக்கங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இரண்டு பேருக்கும் வேறு பேச்சு வரவில்லை.

டீச்சரிடம் சொல்லத்தான் பெரிய தயக்கம். என் மச்சாளையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டீச்சருக்கு மனம் நொந்தது. அது நியாயமும்தான். அவருடைய பக்கத்தை நான் எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இராது. ஒரு நடன ஆசிரியையின் பெயர் ஊரில் நிலைப்பது அவர் அரங்கேற்றிய பிள்ளைகளால்தான். மாதக் கட்டணத்தைக் கொஞ்சம் கூட்டினால் அடுத்த மாதம் பாதிப் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். மாதாமாதம் கொடுக்கிற சின்னத் தொகைக்கு முணுமுணுக்கிற நாங்கள்தான் ஓர் இரவுக்கு இலட்சக்கணக்கில் கொட்டத் தயாராக நிற்கிறோம். பத்து வருசம் பிள்ளையின் காலைப் பிடித்து அடவு சொல்லிக்கொடுத்த உழைப்புக்கு ஒழுங்கான சம்பளம் கொடுக்காமல், எல்லாவற்றையும் அரங்கேற்றத் தட்சணையில் தீர்க்கலாம் என்று ஒரு வழக்கத்தை உண்டாக்கி வைத்திருப்பது பெற்றோராகிய நாங்கள். இதை அவரிடமே சொன்னேன். ஏ.எல் பரீட்சை வரை தனி வகுப்புக்கு அவர் கேட்காத தொகையை நானே சொன்னேன். "சரி, அப்ப கோயில்ல ஒரு வர்ணமும் தில்லானாவும் ஆடட்டும், நான் நட்டுவாங்கம் பிடிக்கிறன்," என்றார். தாளம் தட்டிச் சொற்கட்டுச் சொல்லி ஆட்டத்தை நடத்துவதுதான் நட்டுவாங்கம். அப்படியே நடந்தது. மிருதங்கத்துக்கும் பாட்டுக்கும் உள்ளூர்க் கலைஞர்கள். ஊர்ச்சனம் நிலத்தில் இருந்து பார்த்தது.

கூத்தில் யார் செலவழிக்கிறார்கள்?

இங்கே ஒரு விசயத்தை நாங்கள் மறந்துவிட்டோம் என்று நினைக்கிறேன். மட்டக்களப்பில் அரங்கேற்றம் என்பது பரதத்துக்கு முன்பே இருந்தது. வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் சட்டம் கொடுப்பதில் (ஆடுகிறவர்களுக்கு அவரவர் பாட்டுக் கொப்பியைக் கொடுப்பதில்) தொடங்கி, சதங்கை அணிதல், கிழமைக்கொரு ஒத்திகையான கிழமைக்கூத்து, முழு ஒத்திகையான அடுக்குப் பார்த்தல் என்று மாதக்கணக்கில் பழகித்தான் அரங்கேற்றம் வரும். ஆடுகிற களரி போடுவதும் உடுப்பும் கொப்பியும் அண்ணாவியாருக்கான மரியாதையும் ஊரின் பொறுப்பு. ஆடுகிறவனின் தாய் காப்பை அடகு வைக்க வேண்டியதில்லை. அரங்கேற்றத்தன்று மாமன் மச்சான் எல்லாம் பட்டும் காசும் கொண்டுவந்து போடுவார்கள். அதற்குப் பிறகு வீட்டுக்கு வீடு ஆடுவார்கள். கன்னன்குடா போன்ற ஊர்களில் இந்த மரபை நேரில் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் கூத்தை மேடைக்கேற்பச் செம்மைப்படுத்தி, கர்ணன் போர், இராவணேசன் என்று பல்கலைக்கழக அரங்குக்குக் கொண்டுவந்தபோதும், அதற்கு அடியில் கிடந்தது இந்த ஊர்களின் கூட்டு உழைப்புத்தான்.

பரதத்தை நாங்கள் வேறு விதமாக எடுத்துக்கொண்டோம். அது ஒரு குடும்பத்தின் சொந்தக் காரியமாகிவிட்டது. கலியாண வீடு மாதிரி, யார் எவ்வளவு செலவழித்தார் என்பதே பேச்சு. வெளிநாட்டில் இருக்கிற நம் சனம் நடத்துகிற அரங்கேற்றங்களின் வீடியோவைப் பார்த்து இங்கேயும் அளவு ஏறிக்கொண்டே போகிறது. அங்கே சம்பாதிக்கிறவர்கள் செய்வதை நான் குறை சொல்லவில்லை, இங்கே நெல் வெட்டின காசில் அதைச் செய்ய நினைப்பதுதான் கவலை.

லண்டனில் இருக்கிற தம்பியின் மனைவியிடம் இதைப் பேசியபோது அவள் வேறு ஒன்றைச் சொன்னாள். அங்கே பலே நடனத்தைத் தொழிலாகப் படிக்க விரும்புகிற பிள்ளை பதினொரு வயதிலேயே தெரிவுக்குப் போய் ஆடிக்காட்ட வேண்டும். றோயல் பலே பள்ளி, எல்ம்ஹேர்ஸ்ட் மாதிரியான இடங்களில் தெரிவானால், கட்டணத்தில் வீட்டார் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதைக் குடும்ப வருமானத்தைப் பார்த்து முடிவு செய்து, மிச்சத்தை அரசாங்கம் 'மியூசிக் அன்ட் டான்ஸ் ஸ்கீம்' என்ற திட்டத்தில் ஏற்கிறது. பதினாறு வயதுக்கு மேல் வேறொரு உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. அங்கேயும் பெற்றோர் படாத பாடு படுகிறார்கள், விடுதியில் விட்ட பிள்ளையை நினைத்து அழுகிறார்கள், இடம் கிடைக்காத பிள்ளைகள்தான் மிகப் பலர். ஆனாலும் காசு முதலில் போவது பயிற்சிக்கு. எனக்கு மனதில் தைத்தது அதுதான்.

நாலு வருசத்துக்கான காசு

எங்களுக்கும் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. கல்லடியில் 1980களின் தொடக்கத்தில் இசை நடனக் கல்லூரியாக உருவானது இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம். நடனத்தில் நாலு வருசச் சிறப்புப் பட்டம் அங்கே இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் நுண்கலைப் பகுதி மருதனார்மடத்தில் இருக்கிறது. கட்டணம் இல்லை. வருமானத்தையும் பெறுபேற்றையும் பார்த்து மகாபொல புலமைப்பரிசிலோ உதவுதொகையோ கிடைக்கலாம். மாதம் 5000 ரூபாயாக இருந்த மகாபொலவை 7500 ஆக்க 2025 வரவுசெலவுத் திட்டத்தில் முடிவு செய்தார்கள். இன்றைய அரிசி விலைக்கு அது முழுச் சாப்பாட்டுக்கே போதாது. முதற் தவணை கைக்கு வரும்வரை வீட்டுக் காசுதான். கிராம சேவகரிடம் வருமான அத்தாட்சியை நேரகாலத்தோடு எடுத்து வைப்பது நல்லது, கடைசி நேரத்தில் ஓடக்கூடாது.

இந்தியாவுக்கு அனுப்ப விரும்புகிறவர்கள் இந்தியக் கலாசார உறவுகளுக்கான பேரவையின் புலமைப்பரிசில்களைப் பார்க்கலாம், நடனத்துக்கும் இசைக்கும் அதில் இடமுண்டு. ருக்மிணி தேவி 1936இல் சென்னையில் தொடங்கிய கலாக்ஷேத்திராவில் பரதநாட்டிய டிப்ளோமா நாலு வருசம். என் மகளும் ஒரு காலம் அந்தக் கனவோடு இருந்தாள். அங்கே போனால் காலை முதல் மாலை வரை நடனம், பாட்டு, நூல் என்று மூழ்கிவிடலாம். ஆனால் புலமைப்பரிசில் கிடைக்காமல் சொந்தச் செலவில் அனுப்ப எங்களால் முடியாது. இதை அவளிடம் மறைக்காமல் சொன்னோம். பிள்ளைக்கு வீட்டுக் கணக்கைத் திறந்து காட்டுவது அவளைச் சுருக்கிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அவள் அதற்குப் பிறகு எங்களோடு சேர்ந்து யோசிக்கத் தொடங்கினாள்.

காசைப்போலவே உடம்பும் பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒன்று. எங்கள் பக்க வகுப்புகள் பெரும்பாலும் சீமெந்துத் தரையில், பலவேளை ஓடு பதித்த தரையில் நடக்கின்றன. தட்டடவும் குதித்து மெட்டடவும் அந்தக் கடினத் தரையில் மணிக்கணக்கில் அடித்தால் குதிக்காலும் முன்கால் எலும்பும் முழங்காலும் தாங்காது. முழங்காலை மடித்து அரைவாசி இருந்து ஆடுகிற அரைமண்டியில் முழங்கால் பாதத்தின் திசையிலேயே திறக்க வேண்டும், இடுப்பு திறக்காமல் பாதத்தை மட்டும் திருப்பினால் முறுக்கு முழுவதும் முழங்காலில் போய் விழும். இதை வகுப்பில் சொல்லித் திருத்துகிற ஆசிரியர் கிடைத்தால் அது பெரிய கொடுப்பினை. மகளுக்கு முன்காலில் நோவு வந்தபோது "பழகப் பழகப் போயிடும்" என்று பலரும் சொன்னார்கள். நாங்கள் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். ஓய்வு, உடற்பயிற்சி மருத்துவரின் பயிற்சிகள், படிப்படியாக மீண்டும் ஆட்டம். செலவில்லை, பொறுமைதான் வேண்டியிருந்தது. ஆடுகிற பிள்ளையின் தொழிற்கருவி அவளுடைய கால். வெளிச்சத்துக்கும் மலருக்கும் ஒதுக்குகிற காசில் ஒரு துளியை வகுப்பறைக்கு மரப்பலகைத் தரை போடப் பெற்றோர் சேர்ந்து கொடுத்தால், ஒரு பிள்ளைக்கல்ல, வருகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் அது உதவும்.

பிறகு என்ன வேலை?

இந்தக் கேள்வியை உறவுக்காரர் கேட்கும்போது கோபம் வரும். ஆனால் நாங்கள் இரண்டு பேரும் தனியாக இருக்கும்போது இதைத்தான் பேசுகிறோம். பாடசாலை ஆசிரியை, கல்வியியற் கல்லூரி வழி, பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தர், சொந்த வகுப்பு. இதற்கு வெளியே வழிகள் குறைவு. பட்டம் கையில் இருந்தும் நியமனம் வராமல் 2017இல் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் பட்டதாரிகள் மாதக்கணக்கில் இருந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். என் மகளிடம் நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்: நட்டுவாங்கமும் பாட்டும் சரியாகப் பழக வேண்டும். தானே நட்டுவாங்கம் பிடிக்கத் தெரிந்த பெண்ணுக்கு ஊரில் எப்போதும் வேலை உண்டு. கலியாணத்துக்குப் பிறகு மேடை நின்றுபோனாலும், அப்படி நிற்கக்கூடாது என்பதே என் விருப்பம், வகுப்பு நிற்காது. அவள் இப்போது விடுமுறைக்கு வரும்போது தன் பழைய டீச்சரின் வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்கு அடவு சொல்லிக்கொடுக்கிறாள். டீச்சர் அதற்குக் காசு கொடுக்கிறார். தரத்தான் வேண்டும் என்று நானும் சொல்லி வைத்திருக்கிறேன்.

எங்களிடம் அடகு வைக்கக் காப்பும் போட்டுவைத்த சீட்டும் இருந்தன. கூலிக்குப் போகிற வீட்டுப் பிள்ளைக்கு அதுவும் இல்லை. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் அப்படி ஒரு பிள்ளை இருக்கிறாள், என் மகளைவிட நன்றாக ஆடுவாள், ஏ.எல்லுக்கு நடனம் எடுக்கப் பஸ் காசு இல்லை என்று வேறு பாடம் பார்க்கிறாள். கோயில் திருவிழாக்களுக்கு வெளியூர்க் குழுக்களை அழைத்துச் செலவழிக்கிற நிருவாக சபைகள், அதில் ஒரு பங்கை உள்ளூர்ப் பிள்ளை ஒருத்தியின் இரண்டு வருசப் பஸ் காசாகவும் வகுப்புக் கட்டணமாகவும் ஒதுக்கலாம். கூத்துக்கு ஊர் செய்ததுதானே இது. வைகாசியில் கண்ணகை அம்மன் திருக்குளிர்த்தி முடிந்ததும் இதை நிருவாகத்தில் இருப்பவர்களிடம் கேட்கப் போகிறோம். என்னோடு இன்னும் சில தாய்மார் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். டீச்சரும் வருகிறார்.